ஹீரோ இல்லாத போஸ்டர்

தி.நகருக்குத் துணி எடுக்க வந்த அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும். ஒருத்தர்கூட அவரைப் பார்த்ததில்லை. இந்த ஊரில் கடவுளுக்கு அடுத்தபடியாக அந்தப் பெருமை எங்கள் மைக்குக்கு மட்டும்தான் உண்டு என்று நான் எங்கே வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

மைக் என்பது அவர் பெயரில்லை. நான் விளம்பரப் பிரிவில் குப்பை கொட்டிக்கொண்டிருந்த பெரிய ஜவுளிக்கடையில் அவர் அறிவிப்பாளர். மூன்றாவது மாடியில் பட்டுப் பிரிவுக்குப் பின்னால், டிரையல் ரூமைவிடக் கொஞ்சம் சின்னதாக ஓர் அறை. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு டேபிள் ஃபேன், ஒரு மைக், அப்புறம் இவர். அந்த அறையிலிருந்து ஐந்து மாடிக்கும் குரல் போகும்.

சும்மா சொல்லக்கூடாது, என்ன குரல்! "அன்பான வாடிக்கையாளர்களே, உங்கள் கனிவான கவனத்திற்கு. மஞ்சள் சட்டை அணிந்த, தன் பெயர் சொல்லத் தெரியாத, ஆனால் ஐஸ்கிரீம் வேண்டும் என்று மட்டும் மிகத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த ஒரு சிறுவன் தரைத்தளத்தில் காத்திருக்கிறான்" என்பார். அடுத்த நிமிஷமே, "ஆதம்பாக்கத்திலிருந்து வந்திருக்கும் குடும்பத் தலைவரே, உங்கள் மனைவி இரண்டாவது மாடியில் நிற்கிறார். நீங்கள் எதிர் டீக்கடையில் இருப்பது அவருக்குத் தெரியும்" என்பார். டீக்கடையிலிருந்து நாலைந்து ஆண்கள் பதறிக்கொண்டு ஓடி வருவதை என் ஜன்னல் வழியாக நானே பார்த்திருக்கிறேன். எல்லோருமே ஆதம்பாக்கமா என்று எனக்குத் தெரியாது.

யாராவது காணாமல் போனால் கஸ்டமர் டெஸ்கில் ஒரு சீட்டில் எழுதி, அவர் அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். அதை முன்கூட்டிப் படிக்க மாட்டார். எடுப்பார், மைக்கை ஆன் பண்ணுவார், அப்படியே வாசிப்பார். "ஒரு தடவை மனசுக்குள்ள படிச்சிட்டா என்னவாம்?" என்று கேட்டேன்.

"தப்பு மேடம். எனக்கே அப்பத்தான் தெரியுதுன்னாதான் குரல்ல ஒரு பதட்டம் வரும். கேக்கறவங்களும் திரும்பிப் பார்ப்பாங்க" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான், அப்பீலே கிடையாது.

இந்த மனுஷருக்கு ஒரே ஒரு பைத்தியம், ஏஜென்ட் வேந்தன். உளவாளிப் படங்கள்தான், வேறென்ன. முதல் பாகத்தில் வெடிகுண்டைத் தேடுவார், இரண்டாம் பாகத்தில் அதை வைத்தவனைத் தேடுவார், மூன்றில் அவனுடைய அண்ணனை. என்னைக் கேட்டால் எல்லாப் பாகமும் ஒரே பாகம்தான், கூலிங் கிளாஸ் மட்டும் வேறு வேறு. இதை மைக்கிடம் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் நான் கேண்டீனில் தனியாகச் சாப்பிட வேண்டியிருந்தது.

அவருக்குப் படத்தின் மேல் ஒரு குறையும் இல்லை. சண்டை எல்லாம் போஸ்டரோடுதான்.

"மேடம், ஒரு சந்தேகம். இந்த வேந்தன் யாரு?"

"உளவாளி."

"உளவாளின்னா?"

"யாருக்கும் தெரியாம ஒளிஞ்சு வேலை செய்யறவர்."

"அப்ப உஸ்மான் ரோட்டுலேர்ந்து அடையாறு டெப்போ வரைக்கும் சுவத்துக்குச் சுவர் இவர் மூஞ்சிய ஒட்டி வெச்சா? எதிரி நாட்டுக்காரன் என்ன, கண்ண மூடிக்கிட்டா பஸ்ல போவான்?"

நான் கேண்டீனைப் பார்த்து நடையைக் கட்டினேன்.

வேந்தன் ரசிகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கம்பெனிக்காரன் விடும் போஸ்டர் போதாது என்று இவர்களே ஆளுக்கொரு போஸ்டர் தயார் பண்ணி ரசிகர் குரூப்பில் போடுவார்கள். ஒருத்தன் தலைவரைப் புலி மேல் உட்கார வைப்பான், ஒருத்தன் புலியையே தலைவராக்கிவிடுவான். பின்னால் எப்படியும் நெருப்பு எரியும். இப்போது ஏஐ வேறு வந்துவிட்டதா, கேட்கவே வேண்டாம், தலைவருக்கு ஆறு கையும் மூன்று துப்பாக்கியும் இருந்தால் அது அடக்கமான போஸ்டர்.

அந்தக் குரூப்பில் மைக்கும் போஸ்டர் போட்டார். லீவு நாளில் செல்போனைத் தூக்கிக்கொண்டு தானே ஊரைச் சுற்றிப் படம் எடுத்து, அதில் எழுத்து கோத்துச் செய்த போஸ்டர்கள். முதல் பாகத்துக்கு மயிலாப்பூர் மெஸ் ஒன்றின் மேஜை: பாதி குடித்த காபி, ஆவி அடங்கவில்லை, தள்ளிவிட்ட நாற்காலி. ஆள் இல்லை. இரண்டாம் பாகத்தில் வேந்தன் மீனவர் வேஷம் போடுவார் அல்லவா, அதற்கு நொச்சிக்குப்பம். படகோரமாக வரிசையாக ரப்பர் செருப்புகள், நடுவில் பாலிஷ் போட்ட ஒரு ஜோடி ஷூ. ஆள் இல்லை. மூன்றாவதில் லஸ் கார்னர் பஸ் ஸ்டாப்பில் எல்லோரும் பஸ் வரும் பக்கம் பார்க்கிறார்கள், ஒருத்தர் மட்டும் பேப்பரை விரித்துப் படிக்கிறார். பேப்பர்தான் தெரிகிறது. அதுவும் மைக்கே நின்று, வழியில் போன ஒருத்தரை விட்டு எடுக்கச் சொன்னது.

எனக்கு அந்த போஸ்டர்கள் ரொம்பப் பிடித்திருந்தன. ரசிகர்களுக்கு ரத்தம் கொதித்தது. "தலைவர் எங்கடா?" என்று ஆளாளுக்குக் கீழே வந்து திட்டினார்கள். மைக் எல்லோருக்கும் பொறுமையாக ஒரே பதிலைப் போட்டார்: 'இருக்கிறார். உங்களுக்குத் தெரியவில்லை என்றால், வேலையை ஒழுங்காகச் செய்கிறார் என்று அர்த்தம்.'

இந்த லட்சணத்தில் நாலாம் பாகத்துக்குத் தியேட்டர் வாசலில் வைக்கிற பேனர் வேலை இவரிடம் வந்து மாட்டியது. கொடுத்தவர் ரசிகர் மன்றத் தலைவர் பாபு. ஆதம்பாக்கத்தில் செல்போன் கவர் விற்கிறவர், தங்கமான மனிதர், கோபம் வந்தால் மட்டும் தகரம். பேனர் என்றால் ஒரு முறை இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததில்லை. மேலே ஹீரோ பெரிதாக நிற்பார். கீழே முட்டை முட்டையாக வட்டம் போட்டு, ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு மன்ற உறுப்பினர் போனில் பேசிக்கொண்டோ தாடையில் விரல் வைத்துக்கொண்டோ இருப்பார். பேனர் வைப்பதே அந்த வட்டத்துக்காகத்தான். ஹீரோ ஒரு சாக்கு.

மைக் உறுப்பினர்களைத் தனித்தனியாக நிற்க வைத்துப் படம் எடுத்தார். "அப்படித் திரும்புங்க, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றாராம். அவர்களும் ஏதோ புது ஸ்டைல் என்று திரும்பியிருக்கிறார்கள். பேனர் வந்தது. மேலே ஒரு காலியான லிஃப்ட், பாதி மூடிய கதவு. கீழே முட்டை வட்டங்களில் வரிசையாகப் பின்னந்தலைகள். முகம் என்று ஒன்றுகூட இல்லை. அடியில், 'அடையாளம் காட்ட விரும்பாத ஆதம்பாக்கம் ஏஜென்ட்டுகள்.'

மறுநாள் பாபு கடைக்கே வந்துவிட்டார். அறைக்கு வெளியே நின்று கத்தினார்.

"இன்னா சார் இது? தலைவரு எங்க கீறாரு? சரி, அவர வுடு. நான் எங்க கீறேன்?"

"மூணாவது வட்டம். வலது பக்கத்துலேர்ந்து" என்றது உள்ளேயிருந்து குரல்.

"அது என் சொட்டை சார்! ஊரக் கூட்டிக் காட்டினா எங்க அம்மாவே இது யாருன்னு கேக்குது!"

"அதான பாபு வேணும்? பெத்த தாய்க்கே அடையாளம் தெரியலன்னா நீங்கதான் நம்பர் ஒன் ஏஜென்ட்."

பாபு தன் பின்னந்தலையைத் தடவிக்கொண்டே போய்விட்டார். ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. உறுப்பினர்களின் மனைவிமார்கள் மட்டும் ஒரு வட்டம் விடாமல் கரெக்டாகக் கண்டுபிடித்தார்களாம். "இது எங்க வீட்டுக்காரரு, கழுத்துல அந்த மச்சத்தப் பாரு" என்று தியேட்டர் வாசலில் ஒரே கும்பல். அந்த பேனருக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். மைக் அதை இன்றைக்கும் விருது மாதிரி சொல்லிக்கொள்வார்.

போஸ்டரில் மட்டும் இந்தக் கொள்கை என்றால் போகட்டும் என்று விடலாம். தன் மூஞ்சியையும் அவர் படம் எடுக்க விடமாட்டார். ஆயுத பூஜைக்கு அண்ணாச்சி, அதாவது எங்கள் முதலாளி, கடை ஆட்கள் எல்லோரையும் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுப்பார். வருஷா வருஷம் மைக் கடைசி வரிசையில் நின்று சரியாக அந்த நொடியில் பொரித் தட்டைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துவிடுவார். அண்ணாச்சிக்குத் தாங்காது. "சாமி முன்னால நின்னு போட்டோ எடுக்கச் சொன்னா, இவன் என்னம்மா தட்டத் தூக்கி மூஞ்சில வச்சிக்கிட்டு நிக்கான்? திருட்டுப் பயலா இவன்?" என்று என்னிடம் பாய்வார். என்னிடம் ஏன்? ஏனென்றால் அந்த போட்டோவைப் போட்டுக் காலண்டர் அடிக்கிறது என் வேலை.

"ஆதார் கார்டுக்கு என்ன செய்தீங்க?" என்று மடக்கினேன்.

"அதுல இருக்கறது நான்னு யாராவது நிரூபிக்கட்டும் மேடம், பார்ப்போம்" என்றார். வாங்கிப் பார்த்தேன். நியாயம்தான்.

நானும் இதையெல்லாம் சிரித்து ரசித்துக்கொண்டுதான் இருந்தேன், அவருடைய அக்கா லூர்து ஒருநாள் கடைக்கு வந்து என் மேஜை முன்னால் உட்கார்ந்து அழுகிற வரைக்கும். சாந்தோமில் டீச்சர். தம்பிக்கு அம்மா அப்பா இல்லை, எல்லாம் இந்த அக்காதான்.

"நீங்க சொன்னா கேப்பான்னு சொல்றாங்க மேடம். முப்பத்தெட்டு வயசாகுது. எங்க சர்ச்சுப் பங்குல எத்தனை நல்ல வரன் வந்துச்சு தெரியுமா? போட்டோ கேட்டா குடுக்க மாட்டேங்கறான். போட்டோ இல்லாம எந்த வீட்ல பொண்ணு குடுப்பாங்க? இவன் உளவாளின்னா அந்தப் பொண்ணு என்ன, வேவு பார்த்தா கண்டுபிடிக்கும்?"

நான் சிரித்துவிட்டேன். அந்த அக்கா சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியையும் சொன்னார்.

"முந்தி குடுத்தான் மேடம். ஸ்டூடியோவுக்குப் போய், கோட்டுப் போட்டு எடுத்துக் குடுத்தான். மூணு வீட்டுக்கு அனுப்பினோம். மூணு வீட்லயும் அதுக்கப்புறம் போனே எடுக்கல. அதுல ஒரு வீட்டுக்காரங்க தற்செயலா நேர்ல பார்த்தப்ப, குரலக் கேட்டப்ப நெனச்ச மாதிரி இல்லன்னு சொல்லிட்டாங்க. இவன் பக்கத்துலதான் நின்னான். அதுக்கப்புறம்தான் இந்த வேந்தன், போஸ்டர், உளவாளிக்கு மூஞ்சி கூடாது, எல்லாம்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் நான் கொள்கை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது ஒரு மனுஷனின் காயம். அவர் முகத்துக்கு என்ன குறைச்சல்? பருத் தழும்பு கொஞ்சம், முன்பல் ஒன்று கொஞ்சம் முந்திக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். அந்தக் கட்டடத்திலேயே எனக்குப் பார்க்கப் பிடித்த முகம் அதுதான் என்று அன்றைக்கே அந்த அக்காவிடம் சொன்னேன்.

அப்போது கையில் ஒரு வரன் இருந்தது. பெசன்ட் நகர்ப் பெண், பேர் ஆக்னஸ். அடையாறில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவர். அப்பா ரிட்டயர்டு தலைமையாசிரியர். வார முடிவுக்குள் போட்டோ வராவிட்டால் வேறு இடம் பார்க்கப் போவதாக அவர் கறாராகச் சொல்லிவிட்டாராம். தம்பிக்கு இதுதான் கடைசி வரன், இதுக்கு மேல் தேட எனக்குத் தெம்பில்லை என்றார் லூர்து அக்கா.

நான் மைக்கின் அறைக்குப் போய் ஒரு மூச்சு கத்தினேன். கெஞ்சினேன். கேண்டீன் பஜ்ஜியை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டினேன். கடைசியில், "சரி மேடம், அனுப்பறேன்" என்றார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். என்னத்தை அனுப்பப் போகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள், அங்கேதான் கோட்டைவிட்டேன்.

அனுப்பியது போஸ்டர்! மாப்பிள்ளை போட்டோ கேட்ட வீட்டுக்கு இந்த மனுஷர் போஸ்டர் பண்ணி அனுப்பியிருக்கிறார்! அவருடைய அறை, அவருடைய காலி நாற்காலி, அதன் முதுகில் மாட்டிய சட்டை. மேஜையில் மூடி நசுங்கிய டிபன் கேரியர், பக்கத்தில் மைக். மேலே பெரிய எழுத்தில் 'மாப்பிள்ளை'. கீழே சின்ன எழுத்தில் 'விரைவில்'.

அன்று சாயங்காலமே பெண்ணின் அப்பா லூர்து அக்காவுக்கு போன் பண்ணினார். "நாற்காலி பார்க்க உறுதியாத்தான் இருக்கும்மா. ஆனா எங்களுக்கு இப்ப ஃபர்னிச்சர் எதுவும் தேவைப்படல. மாப்பிள்ளை போட்டோ அனுப்பறேன்னு சொன்னீங்களே, அது என்னாச்சு?" என்றாராம். விஷயம் புரிந்ததும், "எங்களைப் பார்த்தா கேலியாத் தெரியுதா?" என்று வைத்துவிட்டார்.

லூர்து அக்கா எனக்கு போன் பண்ணி அழுதார். நான் மைக்கிடம் போய்ச் சொன்னேன். கோபமாகத்தான் போனேன். "நல்லா வந்திருந்துச்சு மேடம் அந்த போஸ்டர்" என்று மட்டும் மெல்லச் சொன்னார். இதற்குமேல் என்னத்தைத் திட்டுவது?

அதற்கப்புறம் அந்தக் குரல் விழுந்துவிட்டது. காணாமல் போன குழந்தைகள் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்கிற மாதிரி வாசித்தார். டீக்கடைக் கணவர்கள் நிம்மதியாக இரண்டாவது டீ குடித்தார்கள். அண்ணாச்சி என் மேஜைக்கே வந்துவிட்டார். "நம்ம மைக்குக்கு என்னம்மா சீக்கு? ஆடித் தள்ளுபடிய எழவு சொல்லுத மாதிரில்லா சொல்லுதான்?" நான் ஜலதோஷம் என்று சமாளித்தேன்.

அடுத்து வந்த சனிக்கிழமை. ஆடிக் கூட்டம், மூன்றாவது மாடியில் எள் போட்டால் எள் விழாது. கஸ்டமர் டெஸ்கில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். காட்டன் சுடிதார், தோளில் பை, வரிசையில் முட்டிமோதுகிற யாருக்கும் நகர்ந்துகொடுக்காத நிற்பு.

"இங்க அனௌன்ஸ் பண்றவரப் பார்க்கணும்."

டெஸ்க்கில் இருந்த பொண்ணு நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அவர யாரும் பார்க்க முடியாதுங்க. ஏதாவது தொலைஞ்சிருந்தா எழுதிக் குடுங்க."

"தொலைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் சீட்டை வாங்கி எழுத ஆரம்பித்தார். அந்தப் பக்கமாகப் போன நான், அவர் மேஜைமேல் வைத்திருந்த போனைப் பார்த்தேன். திரையில் அந்தப் போஸ்டர், அந்த நசுங்கிய கேரியர். அருகில் போனேன்.

"நீங்க ஆக்னஸா?"

"ஆமா. அப்பாவுக்குத் தெரியாது, துணி எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். நீங்க?"

"நான் அவரோட... நான் இங்கதான் வேலை செய்யறேன். சீட்டக் குடுங்க, நானே கொண்டு போறேன்" என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினேன். படித்தேன். கதவுக்கு அடியில் தள்ளினேன். நின்றேன்.

'டொக்' என்று மைக் ஆன் ஆகிற சத்தம்.

"அன்பான வாடிக்கையாளர்களே, உங்கள் கனிவான கவனத்திற்கு. முப்பத்தெட்டு வயதுடைய ஒருவரைக் காணவில்லை. அவர் பெயர்..." என்று ஒரு பெயரைச் சொன்னார். கடையில் யாரும் கூப்பிட்டுக் கேட்டிராத பெயர். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும், குரல் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. ஆனால் தொழில்காரர் அல்லவா, பாதியில் நிறுத்தவில்லை. "அங்க அடையாளங்கள்... தெரியாது. கடைசியாக அவருடைய நாற்காலி மட்டும் வாட்ஸப்பில் காணப்பட்டது. அவரைத் தேடி... ஆக்னஸ் என்பவர்... மூன்றாவது மாடி... பட்டுப் பிரிவில்..."

அப்புறம் ஐந்து மாடிக்கும் கேட்கிற மாதிரி, "மாதாவே!"

நான் கதவைத் தட்டினேன். "வெளிய வாங்க. வந்திருக்காங்க."

"நான் இன்னைக்கு லீவுன்னு சொல்லிடுங்க மேடம்."

"அவங்க உங்களப் பார்க்கணும்னு இவ்ளோ தூரம் வந்திருக்காங்க, என்ன பேச்சு இது?"

"அதான் மேடம் பயமா இருக்கு. போட்டோவப் பார்த்தவங்க எல்லாரும் போயிட்டாங்க. இவங்க ஒருத்தங்கதான் பார்க்காம வந்திருக்காங்க. பார்த்தா இவங்களும் போயிடுவாங்க. இப்படியே இருந்துக்கறேனே. வந்தாங்கன்னு நெனச்சுக்கிட்டாவது இருப்பேன்."

அப்போதுதான் கவனித்தேன், மாடி முழுக்க அப்படி ஒரு அமைதி. பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். புடவையை விரித்துப் பிடித்த சேல்ஸ்மேன்கள் விரித்தபடியே நிற்கிறார்கள். மேலே ஸ்பீக்கர் கரகரத்தது.

"மைக்" என்றேன். "மைக் ஆன்ல இருக்கு."

உள்ளே எதுவோ விழுந்து உருண்டது. கேரியராகத்தான் இருக்கும்.

ஆக்னஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் வந்தார். குரலை உயர்த்தாமல், பேஷண்டிடம் பேசுகிற மாதிரி பேசினார். "இங்க பாருங்க. நான் நாள் முழுக்க ஊரார் எலும்பப் பார்க்கறவ. மேல தோல் எப்படியிருக்குன்னு எனக்குக் கவலையில்ல. இந்த வருஷம் எங்க வீட்டுக்கு எத்தனையோ மாப்பிள்ளை போட்டோ வந்துச்சு, ஒரு மூஞ்சிகூட ஞாபகமில்ல. உங்க கேரியர் மூடி எந்தப் பக்கம் நசுங்கியிருக்குன்னு எனக்குத் தெரியும். அத இன்னும் மாத்தாம வெச்சிருக்கவரு எப்படியிருப்பாருன்னு பார்க்கத்தான் வந்தேன். நான் போக மாட்டேன். கதவத் திறங்க."

பிறகு தாழ்ப்பாள் சத்தம். வந்து நின்றார் எங்கள் மைக். ஆடிக் கூட்டத்துக்கு நடுவே, அத்தனை கண்ணுக்கும் முன்னால், இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல். மூச்சே விடவில்லை.

ஆக்னஸ் அவரை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, எக்ஸ்ரே அறையில் சொல்லிச் சொல்லிப் பழகிய அதே தொனியில் சொன்னார்:

"சரி. மூச்ச விடுங்க."

விட்டார். கூடவே அந்த மாடி மொத்தமும் விட்டது. பின்னால் யாரோ கைதட்டினார்கள். கூட்டத்தில் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, "ஏ, என்ன வேடிக்க? அந்தப் பொண்ணுக்கு ஒரு நல்ல பட்டா எடுத்துக் காட்டுங்கல!" என்று அதட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

தலைமையாசிரியரை வழிக்குக் கொண்டுவந்தது ஆக்னஸ்தான், எப்படியென்று கேட்காதீர்கள், எனக்கும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் இவர்களுக்கு ஓலை வாசித்தார்கள், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று பூசைக்கு நடுவே சாமியார் அறிவிப்பது. மைக் திங்கட்கிழமை வந்து என்னிடம் ஒரே புலம்பல். "சாமியார் மைக்க வாய்க்குள்ள வெச்சுக்கிட்டு வாசிக்கறாரு மேடம். எம் பேரு எனக்கே புரியல."

கல்யாணம் பெசன்ட் நகரில். நான் போய் இறங்கியபோது கோயிலை ஒட்டிய மண்டப வாசலில் மன்றத்து ஆட்கள் ஒரு பேனரைக் கயிறுகட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் வைத்தால் போலீஸ் கழற்றிவிடும் என்று காம்பவுண்டுக்கு உள்ளே. பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. மைக்கின் முகம். மாடி உயரத்துக்கு முகம்! கூலிங் கிளாஸ் போட்டு, பின்னால் நெருப்பு வைத்து, வேந்தன் ஸ்டைலில். கீழே முட்டை முட்டையாக ஆதம்பாக்கம் மொத்தமும், இந்தத் தடவை முன்பக்கம்.

"பழிக்குப் பழி மேடம்" என்றார் பாபு, வாயெல்லாம் பல்லாக. "போட்டோ எப்பிடி கெடச்சிதுன்றியா? பொண்ணே குட்த்துச்சு!"

"அவர் பார்த்தா கல்யாணத்தை விட்டுட்டு ஓடிடுவார் பாபு! கழட்டுங்க முதல்ல!" என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே கார் வந்து நின்றுவிட்டது. கோட்டுப் போட்டுக்கொண்டு மைக் இறங்கினார். பேனரை அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பாபுவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டே வந்தது.

"பாபு" என்றார் கடைசியில். "கண்ணாடி வேணாம்னு சொல்லியிருப்பேனே. கண்ணு தெரியல பாரு."

பாபு ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் கைப்பையில் கர்ச்சீப் தேடினேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் கடை ஆட்கள் எல்லோரையும் மேடையேற்றி ஒரு குரூப் போட்டோ எடுத்தார்கள். அண்ணாச்சியின் தோள் என்னை மறைத்துவிட்டது. நகருங்கள் என்று சொல்வதற்குள் கிளிக். அந்தப் படத்தை ஃபிரேம் போட்டு என் மேஜை மேல் வைத்திருக்கிறேன். அதில் என் மூஞ்சி பாதிதான் தெரிகிறது. போனால் போகிறது, அவருடையது முழுசாகத் தெரிகிறதே.